அரிசி டின்னில் வைத்த ரிசீவர்

பாளையங்கோட்டை
ஆடி 5, திங்கட்கிழமை

அன்பு மகள் அனுராதாவுக்கு அப்பா எழுதுவது.

நீ நலமாக இருக்கிறாய் என்பது வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, உங்கள் மெல்போர்ன் நேரப்படி மாலை ஏழு நாற்பதுக்கு உறுதியானது. தகவல் தந்தவள் உன் கல்லூரித் தோழி கமர் நிஷா, உன் வீட்டு வாசலில் நின்று நேரில் பார்த்துச் சொன்னாள். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அன்று மத்தியானம் ஒன்றரை மணியிலிருந்து உன் அம்மா உன்னை ஏழு தடவை கூப்பிட்டாள், ஏழு தடவையும் மணி போனது, நீ எடுக்கவில்லை. பிறகு கமர் நிஷாவைக் கூப்பிட்டாள். அந்தப் பெண், ஆபீஸ்காரர்களோடு பப்புக்குப் போயிருப்பாள், அந்தச் சத்தத்தில் மணி கேட்டிருக்காது என்றாளாம். அதைக் கேட்டதும்தான் உன் அம்மாவுக்குப் பயமே வந்தது. "அவளா, பப்புக்கா? அப்ப நிச்சயமா என் பிள்ளைக்கு என்னமோ ஆயிட்டு. நீ போய்ப் பாரு தாயி" என்று அழாத குறை. மேலப்பாளையத்துப் பிள்ளை, பாவம், அந்தக் குளிரில் டிராம் ஏறி வந்து உன் கதவைத் தட்டியிருக்கிறாள். "அம்மா, தெறந்துட்டா. கையில கரண்டியோட நிக்கா. கூட்டாஞ்சோறு வாசம் படிக்கட்டு வரைக்கும் அடிக்கி. போன் எங்கட்டின்னா, துண்டுல சுத்தி அரிசி டின்னுக்குள்ள வச்சிருக்காளாம். நீங்க நிம்மதியா இருங்க, நான் ஒரு கை சாப்பிட்டுட்டுத்தான் போவேன்" என்று அவள் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

அரிசி டின் என்ற சொல்லைக் கேட்டதும் நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் உன் அம்மா நடுவில் புகுந்து பாதியைத் திருத்திவிடுவாள், அதனால் கையால் எழுதி, தெரு முக்கில் இருக்கும் கருத்தையா கடையில் ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

நீ பத்து நாளுக்கு முன்பு எனக்கு மட்டும் எழுதிய மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் போடவில்லை. நான்கு தடவை படித்தேன். வெள்ளிக்கிழமை தோறும் வேலை முடிந்ததும் உங்கள் பிரிவு முழுவதும் பப்புக்குப் போகிறது, நீ முதல் இரண்டு மாதம் போனாய், பழச்சாறு குடித்தாய், யாரும் உன்னை எதற்கும் வற்புறுத்தவில்லை, ஆனாலும் உனக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, அடுப்பைப் பற்றவைத்து, கதவைச் சாத்திக்கொண்டால்தான் அந்த வாரம் முடிந்தது போல இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இந்த மாதக் கடைசியில் ஒரு நிரந்தர இடம் நிரப்பப் போகிறார்கள், உங்கள் மேலாளர் அம்மா "எல்லோரோடும் கலந்து பழகுகிறவர்களைத்தான் எங்களுக்குத் தெரிகிறது" என்று பொதுவாகச் சொன்னார், அது உன்னைப் பார்த்துச் சொன்னது என்று நினைக்கிறாய். கேள்வி இரண்டு. ஒன்று, போயிருக்க வேண்டுமா. இரண்டு, வீட்டில் இருப்பதையே விரும்புவது உன்னிடம் உள்ள ஒரு குறையா.

இதற்கு நான் நேராகப் பதில் சொல்ல வேண்டுமானால் நீ மூன்றாம் வகுப்பு படித்த வருடத்து ஐப்பசி மாதத்துக்குப் போக வேண்டும். அப்போது நாம் டவுனில் வாடகை வீட்டில் இருந்தோம், உனக்கு நினைவிருக்கும், முன்னறை, நடுவறை, அடுப்படி எல்லாம் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். பத்திரிகை ஆபீஸில் நானும் சிவசங்கரனும் இரண்டு நிருபர்கள், ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மாலையில் மதுரைக்குச் செய்தி அனுப்பி முடித்ததும் ஊரில் உள்ள நிருபர்கள் எல்லோரும் ஜங்ஷனில் ஒரு லாட்ஜ் மாடியில் இருந்த பாரில் கூடுவார்கள். குடிப்பதற்கு மட்டும் என்று சொன்னால் அது தவறான தகவல். உன்னிடம் என்ன இருக்கிறது, என்னிடம் என்ன இருக்கிறது என்று மேஜையில் வைத்துச் சரிபார்த்துக்கொள்வார்கள், யாருக்கும் செய்தி விட்டுப்போகாது. தாலுகா ஆபீஸ்காரர், மின்வாரியத்துக்காரர் என்று ஆட்களும் அங்கேயே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். நான் பத்து நிமிடம் நின்று ஒரு பன்னீர் சோடா குடித்துவிட்டு சைக்கிளை எடுத்துவிடுவேன். என்ன காரணம் என்று கேட்டால் அன்றைக்கும் சொல்லத் தெரியாது, வீட்டில் நீங்கள் இருவரும் சாப்பிடாமல் காத்திருக்கிறீர்கள் என்பது மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. அன்று விளக்கு வைத்த பிறகு நம் வீட்டிலிருந்து யாரும் வெளியே போவதில்லை, யாரையும் வரச் சொல்வதும் இல்லை, இது உன் அம்மா போட்ட சட்டம். கூட்டாஞ்சோறு, வெங்காய வடகம், அதற்குப் பிறகு நடுவறையில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வைத்திருப்பாள் உன் அம்மா, அவளுக்கு மட்டும் எப்படித் தாயம் விழுகிறது என்று இன்றுவரை நிரூபிக்க முடியவில்லை. ஆனால் மழைக்காலத்தில் எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. அணை நிரம்பினால் ஒருவர் பாபநாசத்துக்குப் போக வேண்டும், மற்றவர் விடுமுறையாக இருந்தாலும் வீட்டு போன் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை சிவசங்கரன் அணைக்குப் போயிருந்தான். நான் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் நாம் கத்தித்தான் பேசினோம். நீ என் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, உன் காய் மூன்றையும் அம்மா வெட்டிவிட்டாள் என்று புரண்டு அழுது, அப்படியே என் மடியில் தூங்கிப்போனாய். அந்த வருடம் முதல் பக்கத்தில் நான் எழுதிய ஒரு செய்தியின் தலைப்புக்கூட இப்போது நினைவில் இல்லை. உன் முடியில் தேங்காயெண்ணெயோடு முருங்கைக்கீரை வாசம் சேர்ந்து அடித்தது நினைவிருக்கிறது.

அன்று மாலை ஆற்றங்கரையில் ஒரு கல்யாண மண்டபத்தைத் தண்ணீர் சுற்றிக்கொண்டது. மாப்பிள்ளை, பெண் உட்பட எழுபது பேரைப் பரிசலில் கொண்டுவந்து கரையேற்றினார்கள். தாலுகா ஆபீஸ்காரர் லாட்ஜ் மாடிக்கு ஓடிவந்து சொல்ல, அங்கே இருந்த எல்லோரும் குடையோடு கிளம்பிவிட்டார்கள். மதுரை ஆபீஸிலிருந்து எனக்கு ஒன்பது தடவை போன் போட்டிருக்கிறார்கள், ஒன்பது தடவையும் என்கேஜ்டு. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் பரிசலில் மாலையோடு உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணின் படம், நம் பத்திரிகையில் அந்த இடத்தில் வாழைத்தார் விலை நிலவரம். காலையில் நான் போனை எடுக்கப் போனபோது முக்காலியின் மேல் போன் இருந்தது, ரிசீவர் இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், கீழே அரிசி டின்னுக்குள், உன் சின்னத் துண்டில் சுற்றி, மேலே அரிசியைத் தள்ளி மூடி, பத்திரமாக இருந்தது. முந்தின வாரம்தான் தாயம் ஆடும்போது போன் வந்து நான் பாதியில் எழுந்து போயிருந்தேன்.

உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை, நீ மறந்தே போயிருப்பாய். ஆபீஸில் மெமோ கொடுத்தார்கள். சக நிருபர்கள் கூடும் இடத்தைத் தொடர்ந்து தவிர்ப்பவர் என்று அதில் ஒரு வரி இருந்தது. ரிசீவரை நானே எடுத்து வைத்தேன், ஓய்வு தேவைப்பட்டது என்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன். உன் அம்மாவிடமும் அதையே சொன்னேன். அடுத்த வருடம் தலைமை நிருபர் பதவி சிவசங்கரனுக்குப் போனது. எனக்கு அது உறைக்கவே இல்லை என்று எழுதினால் அது பொய். ஒன்றாகச் சேர்ந்தவனின் அறைக்குள் பதினோரு வருடம் கதவைத் தட்டிவிட்டுப் போக வேண்டியிருந்தது.

போன மாதம் அதே சிவசங்கரன் வீட்டுக்கு வந்தான், அவனும் ஓய்வு பெற்றுவிட்டான். மோரைக் குடித்துவிட்டு, "ஏவே, அந்த மாடியில அத்தன வருஷம் என்னத்தவே பேசுனோம், ஒரு எழவும் ஞாபகத்துல இல்ல. நீரு சைக்கிள எடுத்துட்டுப் போனதும் உம்மளக் கேலி பண்ணுவோம்லா, அது மட்டும் அப்பிடியே இருக்கு. அந்தா போறான்வே, பெஞ்சாதி கையால சோறு திங்கன்னு சொல்லிட்டு, ஒவ்வொருத்தனும் அவனவன் வாட்ச்சப் பாப்பான்" என்றான். உன் அம்மா அடுப்படிக்குள் சிரித்தது கேட்டது.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கமர் நிஷா போனை வைத்த பிறகு உன் அம்மா முதலில் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள், முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "பிள்ள அன்னைக்கு ரிசீவர எடுத்து டின்னுக்குள்ள வச்சத நான் பாத்தேன். அடுப்படியிலருந்து தெரியாதா? எடுத்து வைக்கணும்னுதான் எந்திச்சேன். நீங்க கால நீட்டி உக்காந்து சிரிச்சிட்டு இருந்திய. சரி, ஒரு நாளைக்குக் கெடக்கட்டும்னு விட்டுட்டேன். மறுநா நீங்க நான்தான் எடுத்து வச்சேன்னு பொய் சொன்னதும் எனக்கு வாய் வரல." இருபத்துநான்கு வருடம், அனு. நான் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் உன்னையும் நான் சொன்ன பொய்யையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் வந்ததா என்று கேட்டால், சனிக்கிழமை காலை காப்பி வரும்வரை நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. காப்பியை வைத்துவிட்டு, "அந்தத் தலைமை நிருபர் வேலைய இப்பக் குடுத்தா அந்தச் செவ்வாக்கெழமையக் குடுத்துருவியளா?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். யோசிக்காமல் வந்த பதில் அது, அதனால் சரியாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே உன் முதல் கேள்விக்கு: போயிருந்தால் அந்த இடம் கிடைக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடியிருக்கலாம். இதை மறைத்து உன்னைத் தேற்ற எனக்குத் தெரியாது. பப் கெட்ட இடம் என்றும் எழுத மாட்டேன், நான் பார்க்காத இடத்தைப் பற்றி எழுதும் பழக்கம் இல்லை. உனக்குப் போகத் தோன்றினால் ஒரு வெள்ளிக்கிழமை போ. ஆனால் லாட்ஜ் மாடியில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காத நான் காலை ஒன்பதரைக்குத் தாலுகா ஆபீஸ் டீக்கடையில் நின்று பிடித்த செய்திகளும் உண்டு. நாளைக்கே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த மேலாளர் அம்மாவிடம் நீயாகப் போய், இந்த இடம் எனக்கு வேண்டும், இன்னின்ன வேலை செய்திருக்கிறேன், வெள்ளி மாலை மட்டும் நான் வீட்டுப் பறவை என்று நேராகச் சொல்லிவிடு. நான் அதைச் செய்யவில்லை, மெமோவுக்குப் பதில் எழுதியதோடு சரி. அதுதான் என் தவறு, வீட்டில் இருந்தது அல்ல. இரண்டாவது கேள்விக்கு: அது குறை என்றால் எங்கள் இரண்டு பேரிடமிருந்தும் வந்த குறை, எட்டு வயதிலேயே உனக்கு வந்துவிட்டது, சாட்சி அரிசி டின்.

மற்ற சேதிகள். சாரல் நன்றாக இருக்கிறது, ஆற்றில் தண்ணீர் போகிறது. ஆடிக் கிருத்திகைக்குத் திருச்செந்தூர் போகாதே, நெரிசல் தாங்காது என்று உன் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், உனக்காக நேர்ந்திருக்கிறாளாம், நேற்று போய் நின்று கும்பிட்டுவிட்டு வந்து இன்று வலிக்கும் கால்களை அமுக்கிக்கொண்டிருக்கிறாள். சுந்தர் மாமா வீட்டில் எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். முருங்கைக்கீரை அங்கே ஐஸ் கட்டியாகக் கிடைக்கிறது என்று கமர் நிஷா சொன்னாள், அதை வெந்நீரில் போடாதே, கடைசியில் சாதத்தோடு சேர்த்தால் போதும், இது அம்மா சொல்லச் சொன்னது. ஹீட்டர் பக்கத்தில் துணி காயப்போடாதே, இது நான் சொல்வது. இன்னொரு வெள்ளிக்கிழமை கமர் நிஷாவையும் சாப்பிட வரச் சொல். அவளும் அங்கே தனிதான்.

எந்த ஊரில் கதவைச் சாத்திக்கொண்டாலும் உள்ளே வெளிச்சமும் அடுப்பில் சூடும் உனக்குக் குறையாமல் இருக்கட்டும் என்று நெல்லையப்பரையும் காந்திமதியம்மையையும் வேண்டிக்கொள்கிறோம். சனிக்கிழமைகளில் தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே.

நிலுவையில் உள்ளவை: நிரந்தர இடம் பற்றிய முடிவு, 31ஆம் தேதி வியாழக்கிழமை. அந்த எட்டு வயதுக் காரியம் உனக்கு நினைவிருக்கிறதா என்ற உன் பதில், ஞாயிற்றுக்கிழமை பேசும்போது. வருகிற வெள்ளிக்கிழமை மாலை உன்னைக் கூப்பிடுவதில்லை என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருக்கிறோம். அன்று இங்கே மத்தியானம் ஒன்றரை மணிக்கு, உனக்கு மாலை ஆறாகும்போது, தன் போனைத் துண்டில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்துவிடுவதாக உன் அம்மா சொல்லியிருக்கிறாள். வைப்பாளா என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஒன்றே முக்காலுக்குள் தெரிந்துவிடும்.

அன்புடன் அப்பா
ஐயம்பெருமாள்
(அம்மா ஞானம்பாள் படித்துப் பார்த்தாள், தாயம் பற்றிய வரியை மட்டும் மறுக்கிறாள்.)