நீ விழுங்கிய குளிசைகள்

என் அருமைத் தம்பி இராசனுக்கு,

நீ போய் ஓராண்டு. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த, உன் நினைவாக அச்சிட்ட கல்வெட்டுப் புத்தகத்தில் நான் ஒரு பொய்யை அச்சிட்டுவிட்டேன். "மருந்தை ஒழுங்காக எடுத்திருந்தால் இன்னும் எம்மோடு இருந்திருப்பார்" என்ற வரி என்னுடையது. உன் மனைவி வேண்டாம் என்றாள். உண்மையை எழுத ஏன் பயப்பட வேண்டும் என்று நான் கேட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு கதைப்பதில்லை.

உன் இரத்தப் புற்றுநோய்க்கு முதல் வருடம் வேலை செய்த குளிசை, பிறகு வேலை செய்யவில்லை. நீ விழுங்குவதில்லை என்று நானே முடிவுகட்டினேன். பருத்தித்துறையிலிருந்து அச்சுவேலிக்குப் பஸ் ஏறி வந்து உன் முன்னே நின்றேன்.

"விழுங்கீட்டன் அக்கா. நம்பாட்டி நாக்கைப் பாருங்கோ" என்று வாயைத் திறந்து காட்டினாய்.

"சின்னனிலை பேதி மருந்தைக் குரோட்டன் பூச்சாடிக்குள்ளை துப்பினவன்தானே நீ" என்றேன். நீ சிரித்தாய். அதற்குப் பிறகு அந்தக் கதையை நீ எடுக்கவே இல்லை.

போன கிழமை உன் மகள் வந்தாள். மருந்தாளர் அல்லவா, உன் கிளினிக் கோப்பை ஒவ்வொரு தாளாகப் பார்த்திருக்கிறாள். கொழும்புக்கு அனுப்பிய இரத்தப் பரிசோதனையின் முடிவு நீ போன பின்பே வந்திருக்கிறது. இரத்தத்தில் மருந்து வேண்டிய அளவு இருந்ததாம்.

"அப்பா குளிசையை விழுங்கித்தான் இருக்கிறார் மாமி. கலத்துக்குள்ளை போன மருந்தைக் கலம் வெளியிலை தள்ளிப்போட்டுது."

கொப்பியில் வரைந்து காட்டச் சொன்னேன். கலம் என்ற உயிரணுவைச் சுற்றி ஒரு மென்சவ்வு. அதில் பதிந்திருக்கும் சில புரதங்கள், கிணற்றுத் தண்ணீரை இறைக்கும் பம்பைப் போல, நஞ்சை வெளியே இறைப்பவை. குடலிலும் சிறுநீரகத்திலும் அவை எங்களைக் காப்பவைதான். சில புற்றுக் கலங்கள் அவற்றை அளவுக்கு மிஞ்சி உண்டாக்கிக்கொண்டு, உள்ளே வந்த மருந்தையும் இறைத்துவிடுகின்றன. ஒரே புரதம் பல மருந்துகளை வெளியேற்றுமாம். மருந்தை மாற்றியும் உனக்குக் குணமாகாதது அதனால்தானோ?

நிச்சயமாகச் சொல்லலாமா என்று கேட்டேன். வைத்தியர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள், வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் அப்பா விழுங்கியது நிச்சயம் என்றாள்.

நீ ஏன் என்னோடு சண்டை பிடிக்கவில்லை? பிடித்திருந்தால் கேட்டிருப்பேனா?

திருத்தம் அச்சடித்து ஒட்டலாம் என்கிறாள் உன் மகள். பிழையை மறைக்காமல் கோடு வெட்டித் திருத்தவேண்டும் என்று கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் பழகியவள் நான். அச்சுவேலியில் புத்தகம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போவேன். அவர்கள் பார்த்திருக்க அந்த வரியை வெட்டுவேன். முதல் வீடு உன்னுடையது. உன் மனைவி கதவைத் திறக்கும் வரை வாசலில் நிற்பேன்.

உன்னை நம்பாமல் போன
உன் ஒரே அக்கா