ஷெட் சுவரில் ஒரு பைப்

14 அக்டோபர் 2025, செவ்வாய்

துணி உலர்த்த வெயில் இல்லை. மதியம் சாப்பிட உட்கார்ந்தேன், என் வீட்டுக்காரர் போன் டிங் டிங் என்று விடாமல் சத்தம் போட்டது. அழைப்பு இல்லை. அந்த வாட்ஸப் குழுதான், ‘வீட்டுப் பட்டறை நண்பர்கள்’. வீட்டில் சின்ன லேத் வைத்துக்கொண்டு, லீவு நாளெல்லாம் இரும்பைச் சுற்றவிட்டுச் சீவிக்கொண்டிருக்கும் ஆட்கள். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. போன ஆகஸ்டில் அவர் போய்விட்டார் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. போனை மட்டும் தினமும் சார்ஜில் போடுகிறேன். எதற்கு என்று மகன் அபிஷேக் கேட்கிறான். பூனாவில் உட்கார்ந்துகொண்டு கேட்பது சுலபம்.

குழுவில் இவரை ஜானகி சார் என்றுதான் கூப்பிடுவார்கள். இன்று திருப்போரூர் ஜோஷ்வா ஒரு குரல் செய்தி போட்டிருந்தார். “ஜானகி சார், பித்தள ராடு சார். டூலு லபக்குனு உள்ள இழுத்துக்கினு போவுது. பீஸே போச்சு. இன்னா பண்றது?”

எனக்குப் பதில் தெரியும்! ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் மனுஷர். என்ன நினைத்தேனோ, எடுத்து எழுதிவிட்டேன். ‘டூலோட மேல் விளிம்பை ஆயில் கல்லில் லேசா தேய்ச்சு மட்டமாக்குங்க.. கூர் அதிகமானா பித்தளை இழுக்கும்.. மெதுவா’. அவர் முற்றுப்புள்ளி வைக்க மாட்டார், இரண்டு புள்ளிதான். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ‘மெதுவா’.

அனுப்பிவிட்டுத் தட்டைப் பார்த்தேன். சாதம் ஆறிப்போயிருந்தது.

15 அக்டோபர்

ஜோஷ்வா: “சூப்பர் சார்! வெண்ண மாதிரி போவுது. எங்க சார் போய்ட்ட இத்தினி நாளா?” ஊரில் இல்லை என்று எழுதினேன். அது பொய் இல்லையே.

21 அக்டோபர், செவ்வாய்

தீபாவளி வந்தது, போயிற்று. அபிஷேக் வரவில்லை, நானும் வரச் சொல்லவில்லை. போனில் அதே பாட்டு. “லேத்தை யாருக்காவது தள்ளிவிட்டுட்டு இங்கே வந்துடும்மா. அப்பா நம்பரையும் கட் பண்ணிடு.”

இந்த வீட்டிலும் தெருவிலும் அவர் இல்லை. அணுபுரம் குவார்ட்டர்ஸ் பக்கம் போனால் அவரோடு வேலை பார்த்தவர்கள் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஒரே ஒரு இடத்தில்தான் இன்னும் அவரை “சார், சார்” என்று கூப்பிடுகிறார்கள். அதையும் கட் பண்ண வேண்டுமாம். மாட்டேன்.

பின்கட்டு ஷெட்டைப் பூட்டியே வைத்திருக்கிறேன். லேத்தின் சக்கில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அந்த மூன்று தாடைக்கு நடுவில், பாதி கடைந்த இரும்புத் துண்டு ஒன்று இருக்கிறது. காபி குடிக்க ஹாலுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. அந்தத் துண்டை எடுக்கக் கூடாது. வேலை முடிகிறவரை சக்கைத் திறக்காதே, ஒரு தரம் கழற்றினால் மறுபடி அதே சென்டரில் உட்காராது என்பார். பெருக்கித் தரலாம் என்று துடைப்பத்தோடு உள்ளே போனால் துடைப்பத்தைப் பிடுங்கிக்கொள்வார்.

2 நவம்பர், ஞாயிறு

பழக்கமாகிவிட்டது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அவர் போனைத்தான் பார்க்கிறேன். டூல் கீச்சென்று கத்துகிறது, என்ன செய்ய? ‘டூலை ரொம்ப வெளியே நீட்டாதீங்க.. உள்ளே தள்ளிப் பிடிங்க.. மெதுவா’. ட்ரில் உடைகிறது, ஏன்? ‘அடிக்கடி வெளியே எடுத்துச் சீவலைத் தட்டுங்க.. மெதுவா’. எல்லாம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்டது. வேண்டா வெறுப்பாகக் கேட்டது!

எழுதும்போது அவர் பின்னால் நிற்கிறார். நிஜமாக. ஒரு வார்த்தையைத் தப்பாக அடித்தால் தொண்டையைச் செருமுகிறார். எனக்குப் பயமில்லை. இருக்கட்டும், நிற்கட்டும்.

வீட்டு வேலைக்கு வரும் அம்சாதான் பின்பக்கம் பாத்திரம் தேய்க்க மாட்டேன் என்கிறாள். “ஐயா எங்கியும் போவலமா. உள்ளதான் கீறாரு. எனுக்குத் தெரியுது.” போடி பைத்தியம் என்றேன். சொல்லிவிட்டு நானும் ஷெட் பக்கம் பார்த்தேன்.

9 நவம்பர், ஞாயிறு

இன்றைக்கு என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்ள வேண்டும். ஜோஷ்வா கேட்டார்: “மெல்லிசு ராடு சார், ரொம்ப நீளம். வெட்ட மனசு வர்ல. சக்குக்குப் பின்னாடி ஓட்டை வழியா வெளில நீட்டிக்கினு கீது. இன்னா ஸ்பீடு வெக்கலாம்?”

இதைப் பற்றி அவர் பேசிய ஞாபகம் இல்லை. ஆனால் இது கணக்கு. வாழ்க்கை முழுக்கக் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இது தெரியாதா? ராடு மெல்லிசாக இருந்தால் சுற்றளவு குறைவு, அப்போது சுற்று கூட வேண்டும். அவரே சொல்லியிருக்கிறார், மெல்லிசுக்கு வேகம், தடிக்கு நிதானம் என்று. ‘மெல்லிசு ராடு.. ஸ்பீடை நல்லா ஏத்தியே வைங்க.. மெதுவா’ என்று போட்டேன். ஸ்பீடை ஏற்றச் சொல்லிவிட்டு மெதுவா! அவர் வழக்கம் விட்டுப்போகக் கூடாதே.

இன்று அவர் செருமவில்லை. சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

16 நவம்பர், ஞாயிறு

என்ன பண்ணித் தொலைச்சேன் நான்.

ஜோஷ்வா குழுவில் படம் போட்டிருக்கிறார். அந்த ராடு, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த பாகம், எல் எழுத்து மாதிரி மடங்கிக் கிடக்கிறது. லேத்தைப் போட்டதும் வால் பக்கம் ஆட ஆரம்பித்து, வளைந்து, சாட்டை மாதிரி சுழன்று அடித்திருக்கிறது. இரும்பு பீரோ நசுங்கியிருக்கிறது. அவர் கை நீட்டி சுவிட்சை அணைக்கப் போக, முழங்கையில் வாங்கிவிட்டார். தையல் போட்டிருக்கிறார்கள். அவர் மனைவி ஜாய்ஸ் அப்போதுதான் அந்தப் பக்கமாகத் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு போனாளாம். ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால்—

“சார் மேல தப்பு இல்ல. நாந்தான் கொஞ்சம் ஓவரா ஏத்திட்டேன்.” இப்படிச் சொல்கிறார் அந்த மனுஷர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வகுப்பில் ஒரு நாளும் ‘தெரியாது’ என்று சொன்னதில்லை நான். தெரியாததை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டு, மறுநாள் படித்துக்கொண்டு போய்ச் சொல்வேன். அந்தப் புத்தி.

17 நவம்பர், திங்கள்

சாப்பிடவில்லை. செங்கல்பட்டு சதாசிவம் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். குழுவில் எல்லோரையும் குறை சொல்கிறவர், என் வீட்டுக்காரரைத் தவிர. எழுதியிருந்தது இது:

‘ஜானகி சார், நீட்டு ராடு விஷயத்தில் நீங்களா இப்படிச் சொன்னது? அதற்காகவே ஷெட் சுவரை உடைத்து பைப் சொருகினவராயிற்றே. ராடு ஆடாமல் அதற்குள் சுற்றட்டும் என்று படம் போட்டு எங்களுக்கு விளக்கினீர்களே. எனக்கு என்னவோ மனசு சரியில்லை. லேத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.’

பைப்பா?

எனக்குத் தெரியும் அந்தப் பைப். லேத்துக்குப் பின்னால் சுவரைத் துளைத்து வெளிப்பக்கம் வரை போகும். தண்ணீர் லைனுக்கு என்று நினைத்தேன். அது வழியாகப் பல்லி வருகிறது, கடல் காத்து அடித்தால் ஹோ என்று ஊளையிடுகிறது, மனுஷி இந்த வீட்டில் இருப்பதா வேண்டாமா என்று நான்தான் கத்தினேன். அவருடைய பழைய பனியனைச் சுருட்டி அதில் அடைத்தேன். எதற்கு வைத்தீர்கள் என்று கேட்டேனா? கேட்டிருப்பேன். அவர் சொல்லியும் இருப்பார். நான்தான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

18 நவம்பர், செவ்வாய்

ஷெட்டைத் திறந்தேன்.

பூட்டே திறக்க மாட்டேன் என்றது. உள்ளே எல்லாம் துரு. சதுரங்கப்பட்டினத்துக் கடல் காற்றுக்கு இரும்பு என்றால் அப்படி ஓர் ஆசை. லேத்தின் மேடை, கைப்பிடிகள், சக், சக்கில் இருந்த துண்டு — அவர் பளபளவென்று விட்டுப்போனது — எல்லாம் செம்மண் பூசியது போல் இருந்தது. ஐயா உள்ளேதான் கீறாரு என்றாளே அம்சா. இருந்திருந்தால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருப்பாரா?

பின்னால் போய்ப் பைப்பைப் பார்த்தேன். பனியனை இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. இறுகிப் போய் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அதில் எண்ணெய்க் கறை, அவர் விரல் தடம் தடமாக. ஒவ்வொரு தடவையும் எடுத்திருக்கிறார், ராடைப் போட்டு வேலை பார்த்திருக்கிறார், முடிந்ததும் எனக்காகத் திரும்ப அடைத்து வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாமே. ஏன்யா, சொல்லித் தொலைச்சிருக்கலாமே!

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆகஸ்டில்கூட இப்படி அழவில்லை.

பிறகு லேத்தைப் போட்டோ எடுத்து சதாசிவத்துக்கு அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. அப்புறம் வந்தது:

‘அம்மா, எப்போது?’

19 நவம்பர்

சதாசிவத்தோடு பேசினேன். குரலைக் கேட்டால் வயசானவர். “தினம் சாயங்காலம் எண்ணெய்த் துணியால துடைக்காம அவர் லேத்தை விட்டு நகர்ந்ததே இல்லேம்மா. கடலோரத்துல இருக்கிறவங்க எல்லாருக்கும் அவர் சொன்ன முதல் பாடமே அதான். அந்தத் துருவைப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு.” குழுவில் தான் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன்.

எழுதினேன். அவர் ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார். அக்டோபரிலிருந்து எழுதியது நான், அவர் மனைவி வசுமதி. நீண்ட ராடுக்குச் சொன்னது தப்பு, அது என் தப்பு. முற்றுப்புள்ளி வைத்தேன். அனுப்பினேன்.

இரண்டாம் தடவை செத்தார். இந்தத் தடவை நானே கொன்றேன்.

23 நவம்பர், ஞாயிறு

ஜோஷ்வாவும் ஜாய்ஸும் பஸ் பிடித்து வந்தார்கள். ஜோஷ்வா கையில் கட்டு. வருவார்கள் என்று நினைக்கவே இல்லை. இவர் படத்துக்கு முன்னால் ஜோஷ்வா நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு வந்த காலைப் பார்த்துக்கொண்டே பேசினார். “பித்தள மேட்டரு நீயாம்மா சொன்னது? கரீட்டா சொன்னியே!”

ஜாய்ஸ் விடவில்லை. “செத்தவரு பேர்ல நீ வாய்க்கு வந்தத சொல்லுவியாம்மா? நீன்னு தெரிஞ்சா இவரு நாலு பேர கேட்டுகினு செஞ்சிருப்பாரு. சார் சொன்னாருன்னுதான கண்ண மூடிகினு போட்டாரு. கை போயிருந்தா இன்னா பண்ணிருப்ப?”

“ஏய், வுடு” என்றார் ஜோஷ்வா.

“இன்னா வுடு? துணிக்கூட எடுத்துகினு போனது நானு.”

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆமாம்மா என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்று சொல்லவில்லை. காபியையும் தொடவில்லை. ஆனால் போகும்போது வாசலில் நின்று, “தனியாவா கீற?” என்று கேட்டாள்.

ஜோஷ்வா ஒற்றைக் கையால் லேத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். சக்கில் இருக்கும் துண்டு என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்த சதாசிவத்துக்கும் தெரியவில்லை.

7 டிசம்பர், ஞாயிறு

மழை விட்டு வாடைக்காற்று. மதியம் அம்சா பாத்திரம் தேய்த்த சாம்பல் கையோடு ஓடிவந்தாள். “அம்மா! ஐயா மிசினு போட்டுட்டாரும்மா! கேளு, கேளு!”

கேட்டேன். ஷெட்டிலிருந்து ஹூம்ம் என்று வந்தது. மோட்டார் ஓடுகிற அதே சுருதி. பனியன் எடுத்த அந்தப் பைப்பில் காற்று ஊதுகிறது என்று புரிய எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. புரிந்த பிறகும் உடனே நகர முடியவில்லை.

11 ஜனவரி 2026, ஞாயிறு

சதாசிவம் சொன்னபடி சக்குக்கு எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தேன். மேடையையும் கைப்பிடிகளையும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தாயிற்று. சக்கை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இன்று சாவியைச் சொருகித் திருப்பினேன். ஒரு முனகல், அவ்வளவுதான், தாடைகள் விலகின. துண்டு கையில் விழுந்தது. நினைத்ததைவிடக் கனம். இனி இது அதே சென்டரில் உட்காராது. தெரிந்துதான் எடுத்தேன். சாவியைச் சக்கிலேயே விட்டுவிடாமல் ஆணியில் மாட்டினேன். அங்கேயே விட்டால் லேத்தைப் போட்டதும் பறந்து வந்து அடிக்கும் என்பார், அது எனக்கு ஞாபகம் இருந்தது.

லேத்தை இப்போதைக்கு விற்பதாக இல்லை என்று அபிஷேக்கிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டான், சரியாகிவிடுவான். அவர் போன் சார்ஜ் இறங்கி மேஜை டிராயரில் கிடக்கிறது. என் நம்பரைக் குழுவில் சேர்த்தது ஜோஷ்வா. ஜாய்ஸ்தான் சேர்க்கச் சொன்னாளாம்.

மதியம் புதிதாக வந்த ஒருவர், தாமிரக் குழாயில் மரை போட எந்த எண்ணெய் என்று கேட்டார். யாரும் பதில் போடவில்லை. எனக்குத் தெரியாது, சதாசிவம் சாரைக் கேட்கிறேன் என்று எழுதினேன்.

காற்று எழும்பியிருக்கிறது. ஷெட் பாடிக்கொண்டிருக்கிறது. அம்சா அந்தப் பழைய பனியனைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தாள். “அடச்சிடட்டாமா? எனுக்கு பேஜாரா கீது.”

வேண்டாம், இங்கே கொடு என்று வாங்கிக்கொண்டேன். அதில்தான் எண்ணெய் தொட்டு லேத்தைத் துடைத்தேன்.