ஆம்ப்ரோஸ் துரை யாரையும் விற்றதில்லை

ஹாலிஃபாக்ஸ், வர்ஜீனியா
1887 மார்ச் 3

அன்புள்ள டோர்கஸுக்கு,

நீயும் உன் அம்மா ஹெஸ்டரும் நலமாக இருக்க வேண்டும். உன் இரண்டு கடிதங்களும் வந்தன. அப்போது பதில் எழுதும் நிலையில் நான் இல்லை, கோபித்துக்கொள்ளாதே. உன் அம்மாவிடம் பால் குடித்து வளர்ந்தவள் நான். ஒரே மடியில் கிடந்தவர்கள் நாம்.

அப்பா ஆம்ப்ரோஸின் வரலாற்றை எழுதி முடித்துவிட்டேன். காட்டை வெட்டி அவர் புகையிலைத் தோட்டம் போட்டது, அண்ணன் எட்மண்ட் வட மாநிலங்களோடு நடந்த போரில் உயிர்விட்டது எல்லாம் இருக்கிறது. ரிச்மண்டில் அச்சாகிறது. வடக்கத்தியார் எங்களைப் பற்றிக் கண்டபடி எழுதுகிறார்கள். அதனால் எங்கள் வீட்டு அடிமையாக இருந்த ஒருத்தியே அப்பாவின் குணத்தைச் சொன்னால் நல்லது என்கிறார் அச்சகத்தார். நீ சொல்வதாக ஒரு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்திட்டு அனுப்பு.

ஹெஸ்டரின் சோள ரொட்டி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

உன் நலம் நாடும்,
லவீனியா ஹாக்ஸ்டன்


பிலடெல்பியா
1887 மார்ச் 21

மதிப்புக்குரிய லவீனியா அவர்களுக்கு,

வணக்கம். "ஆம்ப்ரோஸ் துரை யாரையும் விற்றதில்லை" என்று நான் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "மறுபடி படி" என்றாள். படித்தேன்.

என் அண்ணன் சைலஸை மறந்துவிட்டீர்களா? கொட்டகையில் தீ மூட்டிப் புகையிலையை உலர்த்தும்போது சூடு அளவாக இருக்க வேண்டும். அன்று பகலெல்லாம் குடித்திருந்த உங்கள் அண்ணன் விறகை அள்ளிப் போட்டார். "தீ ஏறுது சின்னத் துரை, போதும்" என்று சைலஸ் சொன்னான். "புகையிலை பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?" என்று கேட்டு இன்னும் போட்டார். வாளியோடு வாசலில் நின்ற நான் பார்த்தேன். அந்த வருஷத்து இலை முழுதும் சாம்பலானது. பழி சைலஸ் மேல் விழுந்தது. அவனை விற்று வண்டியில் ஏற்றியபோது அம்மா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் அப்பா சொன்னார்: "விடு ஹெஸ்டர். அழுது என்ன ஆகப்போகுது? போய் அடுப்பைப் பாரு."

முன்பு எழுதிய கடிதங்களிலும் இதைத்தான் கேட்டேன். அவனை வாங்கியது யார்? பேரம் நடந்த அறையில் நீங்கள் இருந்தீர்கள்.

இப்படிக்கு,
டோர்கஸ்


ஹாலிஃபாக்ஸ்
1887 ஏப்ரல் 4

டோர்கஸுக்கு,

உன் கடிதம் என்னைப் புண்படுத்தியது. எட்மண்டின் பெயரைத் தேவாலயத்துச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். செத்தவர் மேல் சேறு பூசி உனக்கு என்ன கிடைக்கப்போகிறது?

ஆமாம், அந்த அறையில் இருந்தேன். வந்தவருக்கு எலுமிச்சைச் சாறு கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான். அவர் பெயரும் ஊரும் நினைவிருக்கின்றன. நீ கையெழுத்திட்ட தாள் என் கைக்கு வந்த அன்றே எழுதுகிறேன். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்காதே. என் வீட்டு மானத்தைக் காக்க என்னை விட்டால் வேறு ஆளில்லை.

லவீனியா


பிலடெல்பியா
1887 ஏப்ரல் 16

லவீனியா அவர்களுக்கு,

தாள் இத்துடன் இருக்கிறது. நான் மாட்டேன் என்றேன். அம்மாதான் பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தாள். "போடு. பொய் நமக்குப் புதுசா? எம்புள்ள எங்கேன்னு தெரியட்டும்."

பெயரை அனுப்புங்கள்.

டோர்கஸ்


ஹாலிஃபாக்ஸ்
1887 ஏப்ரல் 27

அன்புள்ள டோர்கஸுக்கு,

வாக்குத் தவற மாட்டேன். ரூஃபஸ் டின்ஸ்லி. ஜார்ஜியாவில் மேக்கன் பக்கம் பருத்தி போட்டவர்.

இனி நமக்குள் மனக்கசப்பு வேண்டாம். புத்தகம் வந்ததும் உனக்கும் ஒன்று அனுப்புகிறேன்.

பிரியமுள்ள,
லவீனியா


மேக்கன், ஜார்ஜியா
1887 ஜூன் 19

லவீனியா,

சைலஸ் உயிரோடு இருக்கிறான். டின்ஸ்லியின் நிலத்திலேயே குத்தகைக்குப் பயிரிடுகிறான். அம்மாவையும் ரயிலில் கூட்டி வந்தேன். முதலில் அவன் நம்பவில்லை. "எங்கம்மா நல்ல உசரமா இருப்பாளே" என்றான். அம்மா அவன் முகத்தைக் கையால் தடவிய பிறகுதான் அழுதான்.

உன் பக்கத்தைப் பிரதி எடுத்து வைத்திருந்தேன்; அதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். "என்னை விக்கவே இல்லையா? அப்ப இத்தனை வருஷமா இங்க விருந்துக்கா வந்திருக்கேன்?" என்று சிரித்தான். கீழே என் பெயரைப் போட்டதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "நீயுமா கையெழுத்துப் போட்டே?"

"நான்தான் போடச் சொன்னேன். திட்டணும்னா என்னைத் திட்டு" என்றாள் அம்மா.

மறுநாள் போதகர் வீட்டுக்குப் போனோம். தீயையும் வண்டியையும் சைலஸ் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அவனை வாங்கியவரின் பெயரைச் சொல்வதற்கு நீ என்னிடம் எதைக் கேட்டு வாங்கினாய் என்பதை நான் சேர்த்தேன். மூன்று பேரும் கீழே கையொப்பம் வைத்தோம். ஒரு பிரதி ரிச்மண்ட் அச்சகத்துக்குப் போய்விட்டது. இன்னொன்று பிலடெல்பியாவில் ஒரு பத்திரிகைக்காரரிடம் இருக்கிறது. நீ அந்தப் பக்கத்தை அச்சிட்டால் அவர் இதை அச்சிடுவார்.

பெயரைச் சொன்னதற்கு நன்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. இனி எனக்கு எழுதாதே; வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

சைலஸின் தங்கை,
டோர்கஸ்