சங்கிலி: மேற்படி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கை கால் முழுசாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். வழக்கமாக நலம் என்று ஒரு சொல் எழுதிவிட்டு மேலே போவேன், இந்தத் தடவை அதை எழுதப் பேனா வரவில்லை. உன் தங்கச்சிக்குப் பரீட்சை முடிந்தது, சுமாராக எழுதினாளாம், அவள் சுமார் எப்படி என்று உனக்குத் தெரியாதா. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. இதையெல்லாம் எழுதி விஷயத்தைத் தள்ளிப்போடுகிறேன்டா கண்ணா. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் சங்கிலி அறுந்துவிட்டது. ஹாரன் அண்ணன் மூன்றாவது தட்டிலிருந்து டைல்ஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். வண்டியில் ஹாரன் செத்து மூன்று மாதமாகிறது, வாயாலேயே பாம் பாம் என்று கத்திக்கொண்டு ஓட்டுவார், அதனால் அந்தப் பெயர். பெட்டிகள் சரிந்து விழுந்த இடத்தில்தான் உன் அப்பா நின்று சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். பசை தீர்ந்துபோய் வேறு எடுக்க நகர்ந்திருக்கிறார், இரண்டு எட்டு வைத்திருப்பார், அவ்வளவுதான். நான் ஓடிப்போனபோது ஒரே புழுதி, அவர் செருப்பு ஒன்று மட்டும்தான் தெரிந்தது. இப்போதும் கதவு படாரென்று சாத்தினால் எழுந்து நிற்கிறேன்.

கடவுள் காப்பாற்றினார் என்கிறார்கள் எல்லோரும். எனக்குத்தான் தெரியும். அந்த வண்டியைத் தினமும் காலையில் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. பிரேக், ஹாரன், எண்ணெய்க் கசிவு, சங்கிலி என்று கட்டம் கட்டமாக இருக்கும். முதல் தேதி நன்றாக உள்ளது என்று எழுதுவேன், மறுநாளிலிருந்து மேற்படி, மேற்படி, மேற்படி, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே. முதல் தேதியில் எழுதுவதுகூடப் போன மாதத்தைப் பார்த்துக் காப்பியடித்ததுதான். அந்த மனுஷன் தொண்டை கிழிய வாயால் ஹாரன் அடிக்கிறார், ஹாரன் கட்டத்தில் நான் மேற்படி போட்டிருக்கிறேன், என்ன கொழுப்பு பார் எனக்கு! மெக்கானிக் அறுந்த சங்கிலியைப் புதுசின் பக்கத்தில் நீட்டி வைத்துக் காட்டினார். தேய்ஞ்சு நீண்டுபோயிருக்கு, இது ஒரே நாள்ல வர்றது இல்லம்மா, யாராச்சும் அளந்து பார்த்திருந்தா போன மாசமே மாத்தியிருக்கலாம் என்றார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால் பார்க்க வேண்டியவள் நான்தான்.

நாளைக்கு விசாரணை. ஹாரன் அண்ணன் அளவுக்கு மேல் பாரம் ஏற்றினார் என்று அவர் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மேற்படிய எல்லாம் எடுத்துட்டு ஒவ்வொரு நாளும் பார்த்தேன்னு தனித்தனியா எழுதிடுங்க, உங்களுக்கும் அதுதான் நல்லது என்று சொல்லிப் பதிவேட்டை வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார். மேஜைமேல் கிடக்கிறது, கிட்டே போகவே பயமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், அப்பாவுக்குத் தெரிந்தால் என்னை எப்படிப் பார்ப்பாரோ, அதைத்தான் தாங்க முடியாது. ஆனாலும் ஒரு எழுத்தைக்கூட மாற்றப்போவதில்லை.

நீ போன மாதம் அங்கே நீ ஓட்டும் ஃபோர்க்லிஃப்டைப் பற்றிப் பேசும்போது, தினமும் வண்டியைச் சுத்திப் பார்க்கச் சொல்லி உயிரை வாங்குறாங்கம்மா, டீ குடிச்சிக்கிட்டே எல்லாத்துக்கும் டிக் போட்டுடுவேன் என்று சிரித்தாய். பாவி, நானும் சேர்ந்து சிரித்தேனே. வேண்டாம்டா ராஜா. குனிந்து பார், தொட்டுப் பார், சங்கிலியை அளக்கச் சொல். பாரம் அதிகமானால் தூக்காமல் நின்றுவிடுகிற புது வண்டிகள் இருக்கிறதாம், கேள். பழசை மாற்றச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

தலை நரைத்துப் பேரன் பேத்தி எடுத்து, முழு உடம்போடு நீ நன்றாக இருக்க வேண்டும். இது கைக்கு வந்த அன்றே போன் செய், மறந்துவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

பி.கு. அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் அப்பா இதைப் படித்துவிட்டார். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு விசாரணை எத்தனை மணிக்கு என்று கேட்டார். பத்துக்கு என்றேன். நானும் கூட வர்றேன், ஆனா நீதான் சொல்லணும் என்றார்.