டப்பாவைக் கேட்காதே

அம்மாவுக்கு செல்வியின் வணக்கம். தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் நான் வேலை பார்க்கும் வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால் எழுதுகிறேன்.

ஒரு வேடிக்கை. நீ சேவு கொடுத்துவிட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் வாசல் வெட்டி, மண் கொட்டி, இவர்கள் பூனைக்கு வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் செய்தேன். நீ ஊசியால் பெயர் கீறிய பக்கத்தை மட்டும் வெட்டவில்லை. வீட்டுக்காரம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"அப்ப நானும் இனி உள்ள பாத்ரூமுக்கே போகட்டுமாம்மா?" என்றேன்.

"உனக்குத்தான் கீழ வாட்ச்மேன் பாத்ரூம் இருக்கே."

மூன்று மாடி. சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

இனி சேவு அனுப்பினால் தாளில் கட்டி அனுப்பு. கூப்பிடுகிறார், போகிறேன். நான் ஊருக்கு வந்தால் முதலில் "ஏட்டி, டப்பாவ எங்க?" என்பாய். இந்தத் தடவை டப்பாவைக் கேட்காதே. என்னை மட்டும் வரச் சொல்.

சுடலைச்செல்வி