ஆம்ப்ரோஸின் பெரிய எழுத்து

7.9.1987, திங்கள்
சனிக்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம், அவற்றை ஓட்டுகிற டாஸ் புரோகிராமைப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். விற்ற கம்பெனி ஆள் வேலாயுதம் டிஸ்க்கைப் போட்டார், பழையதை அழித்தார், புதியதை ஏற்றினார், கிளம்பினார். எல்லாம் வேகமாகத்தான் ஓடுகிறது. ஆனால் என் வீட்டுக்காரர் மெஷினில் மட்டும் பெரிய எழுத்து போய்விட்டது.

போன வருஷம் கண்ணில் பிரஷர் வந்து இடது பக்கம் மங்கியபோது, திரையில் எழுத்தை இரண்டு மடங்கு அகலமாக்கித் தந்தவரும் வேலாயுதம்தான். இன்று மறுபடியும் எறும்பு மாதிரி எழுத்து. இவர் மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்து சரக்குக் கணக்கு அடித்துக்கொண்டிருந்தார். எதிர் மேசையில் நான்.

"என்னங்க, வேலாயுதத்தைக் கூப்பிடவா?"

"வேணாம், நல்லாத்தான் தெரியுது."

முப்பத்தெட்டு வயதாகியும் பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

8.9
நானே போன் செய்தேன். "ஒரு வரிதான்கா. ஆன் பண்ணதும் டைப் பண்ணுங்க, பெருசாயிடும். ஆஃப் பண்ணா போயிடும்லா" என்றார் வேலாயுதம்.

11.9
துவாஸில் ஆபீஸ் வாசலில் கம்பெனி வேனை விட்டு இறங்கியதும் இவர் கேன்டீனுக்குக் கோப்பி குடிக்கப் போவார். அந்த நேரத்தில் நான் மாடிக்கு ஓடி — ஆறு மாத வயிற்றோடு என்ன ஓட்டமோ! — இவர் மெஷினை ஆன் செய்து அந்த வரியை அடித்து வைக்கிறேன். இவர் வரும்போது எழுத்து பெரிதாக இருக்கும். நான் சொல்லவில்லை. பஸ் நம்பரைப் படித்துச் சொன்னாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஆள்.

13.9, ஞாயிறு
இன்று நல்ல கூத்து. லூர்து மாதா கோயிலில் பூசை முடிந்ததும் இவர் புனித லூசியா படம் ஒன்று வாங்கினார். கண்ணுக்குக் காவல் அவர்தானே. "வேண்டிக்கிட்டேன் பிரிஜட், எழுத்து திரும்பி வந்துடுச்சு பாத்தியா? மெஷின்லயே ஒட்டி வைக்கப் போறேன்."

அம்மா லூசியா, மாடி ஏறுவது நான், பேர் உங்களுக்கு. சரி, போகட்டும்.

28.9
டாக்டரிடம் போய்விட்டு மதியம்தான் ஆபீஸ் போனேன்; காலையில் அந்த வரியை அடிக்க ஆள் இல்லை. மானேஜர் குலசிங்கம் கூப்பிட்டார். "மிஸஸ் ஆம்ப்ரோஸ், உங்கட மனுசன் காலமை ஸ்கிரீனோட சரியாக் கஷ்டப்பட்டவர். எண்ணெல்லாம் பிழைச்சுப் போச்சு. ஸ்டோருக்கு மாத்தினா அவருக்கும் சுகம்தானே?"

கெட்டவர் இல்லை, இரக்கத்தில்தான் சொல்கிறார். ஆனால் ஸ்டோரில் நாள் முழுக்கச் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓடுகிறது. இடது பக்கமாக ஒன்று வந்தால் இவருக்குத் தெரியாதே. கடவுளே. நான் பிரசவத்துக்கு லீவு போனால் யார் அந்த வரியை அடிப்பது?

டாய்லெட்டில் நின்று அழுதேன். திரும்பி வந்தால், இவர் படத்தை நேராக ஒட்டிக்கொண்டிருக்கிறார். "கோணலா இருந்துச்சு, அதான்."

6.10
வேலாயுதத்தை நச்சரித்துக் கேட்டதில் தெரிந்தது: மெஷின் முழிக்கும்போது தானாகவே படிக்கும் ஃபைல் ஒன்று இருக்கிறதாம். அதில் எழுதிவிட்டால் தினமும் அடிக்க வேண்டாமாம். முதலிலேயே சொன்னால் என்ன? "நீங்க கேக்கலையேக்கா!"

எழுதினேன். ஆஃப் செய்து ஆன் செய்தேன். பெரிய எழுத்து! மெஷினுக்கு முத்தம் கொடுக்காத குறை.

7.10
ஓடவில்லை. இவரோடு உட்கார்ந்து கோப்பி குடித்தேன். "இன்னைக்கு மேல வேலை இல்லையா?" என்றார். இல்லை என்றேன்.

9.11
போச்சு. புது டாஸில் ஏதோ பிழையாம், திருத்திய டிஸ்க்கோடு வந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிவிட்டார் வேலாயுதம். அவர்கள் ஃபைல் வந்து உட்கார்ந்தது, என் வரி காணாமல் போனது.

"நீங்க டிஸ்க் போடுறப்பல்லாம் அவருக்குக் கண்ணு போகணுமா?" என்று கத்திவிட்டேன். பாவம், முகம் சுண்டிவிட்டது. அப்புறம்தான் எனக்கே உறைத்தது — மெஷினில் எழுதி என்ன பயன்? அழிக்க வருகிற டிஸ்க்கிலேயே எழுதினால்? கேட்டேன். வேலாயுதம் தலையைச் சொறிந்தார். "செய்யலாம்கா. அவருக்குன்னு தனி டிஸ்க். புதுசு எது வந்தாலும் அதுல ஏத்தி, உங்க வரியையும் சேத்துத்தான் கொண்டு வருவேன்." லேபிளில் ஆம்ப்ரோஸ் என்று பெரிதாக எழுதச் சொன்னேன்.

27.11
இன்று முதல் லீவு. இனி என் கை எட்டாது.

14.12, கே.கே. பிரசவ ஆஸ்பத்திரி
இன்று ஆபீஸில் அடுத்த டிஸ்க் போடுகிறார்களாம். எனக்கு வலி விட்டு விட்டு வருகிறது. வலி விடும்போதெல்லாம் அந்த வரிதான் ஞாபகத்தில். பைத்தியமா எனக்கு?

17.12
மகள். நேற்று பிறந்தாள். நல்ல தொண்டை.

இன்று வேலை முடிந்து நேராக வந்தார். "எழுத்து?" என்றேன் முதலில்.

"பிள்ளையப் பெத்துட்டு எழுத்தக் கேக்குறா பாரு! பெருசாத்தான் இருக்கு. வேலாயுதம் புதுசு போட்டான், அப்புறமும் அப்படியே இருக்கு. குலசிங்கம் பின்னால நின்னு பாத்தாரு. ஸ்டோர் பேச்சே இல்ல."

சட்டைப் பையிலிருந்து லூசியா படத்தை எடுத்துத் தொட்டிலில் ஒட்டினார். மூலையில் பழைய செலோடேப் இன்னும் இருந்தது.

"ஏங்க, மெஷினுக்கு வேணாமா?"

"அதுக்கு எதுக்கு? நீ எழுதினது நிக்குதுல்ல. வயித்தோட மாடிப்படில ஓடினியே, விழுந்துடுவியோன்னு பயம். அதுக்குத்தான் ஒட்டினேன்."

அப்படியென்றால் எல்லாம் தெரிந்துதான் தினமும் கேன்டீனில் அந்த ஒரு கோப்பியை அவ்வளவு நேரம் குடித்திருக்கிறார். கள்ளன்.