கடல் ஓய்ந்திருந்த செவ்வாய்க்கிழமை

கேப் கோஸ்ட்
புதன், மாலை

அன்பு மகள் அராபாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நான் சுகம், முழங்கால் மட்டும்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. ஹாலிஃபாக்ஸ் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் இரண்டு பேரும் அழுதே பொழுதைப் போக்கிவிடுவோம், அதனால்தான் இந்தக் காகிதம். போன ஞாயிறு நீ ஒன்று கேட்டாய். விசா கிடைக்காமல் நீ அங்கே மாட்டிக்கொண்டிருக்க, அப்பாவின் குழியில் நீ போடவேண்டிய மண்ணை உன் சிநேகிதி மான்ஸா போட்டாளே, அது அவருக்குச் சேர்ந்திருக்குமா அம்மா என்று கேட்டாய். சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றினேன்.

நேற்று ஒரு வேன் நிறைய ஆட்களைச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனேன், அந்தக் காலத்தில் அடிமைகளாகக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோன நம் ஜனங்களின் வாரிசுகள். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், காலையிலேயே கோட்டை முற்றத்துக் கல்லில் கால் வைக்கமுடியவில்லை. அடிமைகளை அடைத்துவைத்த நிலவறைக்குள் இறங்கியதும் எல்லோரும் எப்போதும்போல அழுதார்கள். வெண்டலின் என்று ஒருத்தி மட்டும் அழவில்லை, உன் வயதுதான் இருக்கும், தோள்பையை நெஞ்சோடு அணைத்தபடியே வந்தாள். வேர்த்து ஊற்றுகிறதே, பையைக் கீழே வையம்மா என்றால் கேட்கவில்லை. சந்தையில் சோளமாவுக் கென்கியும் பொரித்த மீனும் வாங்கிக்கொடுத்தேன், அப்போதும் பை மடியில்தான். அப்புறம் என் காதோரம் வந்து, "ஆன்டி, இதுல எங்கப்பா இருக்காரு. சாம்பல். எந்தக் கடல் வழியா நம்ம ஆளுங்கள கொண்டுபோனாங்களோ அந்தக் கடல்லயே படகுல போய் என்னை விட்டுடுன்னு சொல்லிட்டுச் செத்தாரு. மத்தியானம் ஒரு படகு பிடிச்சுத் தாங்க" என்றாள்.

பிணத்தை எரிப்பதே நம் பக்கம் வழக்கமில்லை. அதுபோக, நேற்று செவ்வாய்க்கிழமை, கடலில் யாரும் இறங்காத நாள்! முன்னாலேயே சொல்லித் தொலைத்திருந்தால் வேறு நாள் போட்டிருப்பேனே என்று மனதுக்குள் கத்தினேன். படகெல்லாம் கரையேறிக் கிடக்கிறது, ஆட்கள் உட்கார்ந்து வலை பின்னுகிறார்கள். மீனவர் தலைவர் நானா அட்டாவிடம் போய் நின்றேன். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா எஃபுவா? செவ்வாக்கெழம கடல் படுத்துக் கெடக்குது. நீ தூங்குறப்ப நான் வந்து ஒம் பாயில சாம்பலக் கொட்டட்டுமா?" என்று பிடித்துக்கொண்டார். அவளோ ராத்திரி அக்ராவில் விமானம் ஏறவேண்டும், மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்களாம். வேன் ஓட்டுகிறவன், "கோட்டைச் சுவத்துலேர்ந்து போட்டா அதுவும் கடல்தானே?" என்றான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்கமுடியாது. "அந்தச் சுவத்துலேர்ந்தா? எங்கப்பாவையா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே மணலில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள், பாவி மகள்.

நானாவுக்கும் மனசு இளகிவிட்டது. "நாளைக்கு விடிஞ்சதும் எம் படகையே எறக்குறேன். ஆனா பேரு சொல்லி அனுப்ப வீட்டு ஆளு ஒருத்தர் நிக்கணும், அனாதையா எறக்கமாட்டேன்" என்றார். நான் நிற்கிறேன், என் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று என் வாய் சொல்லிவிட்டது. வெண்டலின் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். பிறகு பையைத் திறந்து டப்பாவை என் கையில் கொடுத்து, "அப்பா, இவங்க உங்க தங்கச்சி. இவங்க கூடப் போங்க" என்றாள். வேனில் ஏறிய பிறகு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் போயிருக்கமாட்டாள்.

நேற்றிரவு அந்த மனிதர் நம் வீட்டில்தான் இருந்தார். அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைத்து, குடிக்கத் தண்ணீரும் வைத்தேன். இன்று காலை அப்பாவுக்காக உடுத்திய அதே கறுப்புத் துணியை உடுத்திக்கொண்டு படகேறினேன். நானா முன்னோருக்கென்று கடலில் சாராயம் ஊற்றி, யார் வருவது என்று கேட்டார். கிளாரன்ஸ் வருகிறார், எஃபுவாவின் அண்ணன், வெண்டலினின் அப்பா, வீடு திரும்புகிறார் என்று உரக்கச் சொன்னேன். அவள் அந்நேரம் ஆகாயத்தில் இருந்திருப்பாள். அவரை நான் உயிரோடு பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. ஆனாலும் தண்ணீரில் விட்டபோது கூடப்பிறந்தவனை அனுப்புகிறமாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதேன் அராபா, துடுப்புப் போட்டவர்களே கையை நிறுத்திவிட்டார்கள். அவரைத் தண்ணீரில் விட்டது என் கையே இல்லை, அந்தப் பெண்ணின் கை. அன்றைக்கு மான்ஸாவும் அப்படித்தான் அழுதாள், பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். மண்ணைப் போடும்போது அவள் தன் பெயரைச் சொல்லவில்லை. உன் பெயரைத்தான் சொன்னாள்.

சேர்ந்துவிட்டது மகளே. இனிமேல் அதைக் கேட்டு அழாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அடுத்த மாதம் அப்பாவின் வருஷ நினைவுக்கு இங்கே வெள்ளை உடுத்துவோம், நீயும் அங்கே உடுத்திக்கொள். மான்ஸாவுக்கு ஒரு போன் போடு, அவளும் நீ கேட்ட அதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உன் அப்பாவின் ஆசி உன் தலைமேல் இருக்கட்டும்.

உன் அம்மா,
எஃபுவா எஸ்ஸுமான்